ஒளி போன வழியைத் தேடியவர்

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் முன் நம்மில் பலர் கடைசியாகப் பார்ப்பது கைப்பேசித் திரையைத்தான். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் ஓலெட் எனப்படும் திரை இருக்கிறது. இத்திரைக்குப் பின்னால் தனி விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. மெல்லிய கரிமப் படலத்துக்குள் ஓர் எலக்ட்ரானும், எலக்ட்ரான் விட்டுச் சென்ற வெற்றிடமாகிய ஒரு துளையும் சந்திக்கின்றன. நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு இணையாக வாழ்கின்றன. பிறகு ஒளியைத் தந்துவிட்டு மறைகின்றன. இந்த இணைக்கு எக்சிடான் என்று பெயர்.

எக்சிடான்கள் எல்லாமே ஒளி தருவதில்லை. எது ஒளிரும், எது இருண்டே கிடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இணையின் தற்சுழற்சி. தற்சுழற்சி என்பது எலக்ட்ரானுக்குள்ளேயே அமைந்திருக்கும் ஒரு சுழற்சிப் பண்பு. அதனால் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம்போல் நடந்துகொள்கிறது.

வாசகர்களே, தற்சுழற்சி, எக்சிடான் ஆகிய இரண்டிலும் தன் பெயரைப் பதித்த ஒரே மனிதர் ஒருவர் உண்டு. இரண்டையும் ஐந்தாண்டு இடைவெளியில், இரண்டு வெவ்வேறு நாடுகளில் அமர்ந்து அவர் எழுதினார். அவ்விரண்டும் ஒரே கருவியில் கைகோத்து வேலை செய்வதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அவர்தான் ரஷ்ய இயற்பியலாளர் யாகோவ் இலியிச் ஃபிரெங்கெல். இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு 'ஃபிரெங்கெல் எக்சிடான்', 'ஃபிரெங்கெல் குறை' என்ற பெயர்கள் அறிமுகமாக இருக்கலாம். அந்தப் பெயருக்குரியவரின் வாழ்க்கை நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

இளமை

ஃபிரெங்கெல் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், தென் ரஷ்யாவின் ரோஸ்டோவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஜார் ஆட்சிக்கு எதிரான புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டுச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். 1905ஆம் ஆண்டு யூதர்களுக்கு எதிரான கலவர அச்சம் சூழ்ந்தபோது குடும்பம் சில காலம் சுவிட்சர்லாந்தில் தங்க நேர்ந்தது. பிறகு தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தார். அந்நகரம் 1914இல் பெட்ரோகிராட் என்றும், 1924இல் லெனின்கிராட் என்றும் பெயர் மாறியது. 1991இல் பழைய பெயரையே மீண்டும் பெற்றது. ஃபிரெங்கெலின் வாழ்க்கையில் மூன்று பெயர்களும் வருவதால் இதை நினைவில் வைப்பது நல்லது.

பள்ளியில் படிக்கும்போதே, 1912இல், பூமியின் காந்தப்புலம் பற்றியும் வளிமண்டல மின்சாரம் பற்றியும் அவர் ஓர் ஆய்வை எழுதினார். அந்த ஆய்வு ஆப்ரம் யோஃபே என்ற இளம் இயற்பியலாளரின் கவனத்தை ஈர்த்தது. பின்னாளில் சோவியத் இயற்பியலின் தந்தை என்று போற்றப்பட்ட அதே யோஃபேதான். 1913ஆம் ஆண்டு கோடையில், பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஃபிரெங்கெல் அமெரிக்கா போய்வந்தார். அங்கேயே குடியேறிவிடலாமா என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அவ்வாண்டே பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பட்டப்படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார்.

அப்போது நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1917இல் புரட்சி வந்தது. அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. தாயின் உடல்நலம் குன்றியதால் குடும்பம் கிரிமியாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே புதிதாகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் ஃபிரெங்கெல் கற்பித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இகோர் தாமும் அங்கே அவருடன் பணியாற்றினார். கிரிமியா ஒரு படையின் கையிலிருந்து இன்னொரு படையின் கைக்கு மாறிக்கொண்டே இருந்த காலம் அது. சோவியத் நிர்வாகத்தின் கல்வித் துறையில் பணியாற்றியதற்காக, 1919இல் வெண்படையினர் அவரைச் சிறிது காலம் சிறையில் அடைத்தனர். 1920இல் அவருக்குத் திருமணம் நடந்தது. 1921இல் யோஃபே நடத்திவந்த பெட்ரோகிராட் இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். இறக்கும்வரை அவருடைய பணியிடம் அதுவே.

சுழலும் எலக்ட்ரான்

1925ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிரெங்கெல் ஜெர்மனியில் இருந்தார். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. பெரும்பாலும் ஹாம்பர்க்கிலும் கோட்டிங்கனிலும் தங்கினார். பெர்லினில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். இயற்பியல் வரலாற்றில் அதைவிடப் பரபரப்பான ஓராண்டைக் காண்பது அரிது. ஹைசன்பர்க்கின் புதிய குவாண்டம் கோட்பாடு அப்போதுதான் வெளிவந்திருந்தது. சில மாதங்களில் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடும் வரவிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில், ஹாலந்தைச் சேர்ந்த உலன்பெக், கவுட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்கள், எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று அறிவித்தார்கள். அணுக்கள் வெளியிடும் நிறமாலைக் கோடுகள் ஏன் மிக நெருங்கிய இரட்டைகளாகப் பிளவுபட்டிருக்கின்றன என்பதை இந்தக் கருத்து விளக்கியது. ஆனால் கணக்கில் ஒரு தடை இருந்தது. எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றிவருகிறது. எலக்ட்ரானின் இடத்திலிருந்து பார்த்தால் அணுக்கருதான் தன்னைச் சுற்றுவதுபோல் தோன்றும். மின்னூட்டம் கொண்ட ஒன்று சுற்றினால் காந்தப்புலம் உண்டாகும். அந்தக் காந்தப்புலத்தில் எலக்ட்ரானின் சிறு காந்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றல் மாறும். இதற்குத் தற்சுழற்சிச் சுற்றுப்பாதைப் பிணைப்பு என்று பெயர். இப்படிக் கணக்கிட்டால் வந்த பிளவு, சோதனையில் கண்டதைப்போல் இருமடங்காக இருந்தது. ஹாம்பர்க்கில் இருந்த பவுலி தற்சுழற்சிக் கருத்தையே ஏற்க மறுத்தார்.

1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோபன்ஹேகனில் இருந்த தாமஸ் என்ற இளைஞர், சார்பியலைச் சரியாகப் பயன்படுத்தினால் அந்த இருமடங்கு பாதியாகிவிடும் என்று காட்டினார். அதே ஆண்டு ஃபிரெங்கெல் இச்சிக்கலைச் சார்பியலின் முழு மொழியில் எழுதித் தீர்த்தார். எலக்ட்ரானை ஒரு சிறு பந்தாக அவர் எண்ணவில்லை. பரிமாணமற்ற ஒரு புள்ளியாகவே வைத்துக்கொண்டு, அதன் காந்தத்தன்மை எந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சமன்பாடுகள் அமைத்தார். சுழலும் எலக்ட்ரானின் மின்னியக்கவியல் பற்றிய அக்கட்டுரை ஒரு ஜெர்மானிய இயற்பியல் இதழில் வெளிவந்தது. பிற்காலத்தில் தற்சுழற்சி பெற்ற துகள்களின் இயக்கத்தைச் சார்பியல் முறையில் எழுதியவர்கள் இக்கட்டுரையைத் தொட்டே சென்றார்கள். இந்தத் தற்சுழற்சிச் சுற்றுப்பாதைப் பிணைப்பு நம் கதையில் மீண்டும் வரும்.

இரண்டாண்டுகள் கழித்து, 1928இல், அவர் தற்சுழற்சியை இன்னொரு பக்கத்திலிருந்து அணுகினார். இரும்பு ஏன் காந்தமாகிறது? அண்டை எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒரே பக்கம் திரும்பி நிற்பதால் என்பது அவர் தந்த விடை. அவற்றை அப்படி நிற்கவைப்பது 'பரிமாற்ற விசை' என்ற குவாண்டம் விளைவு. ஹைசன்பர்க்கும் அதே ஆண்டு அதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். பாடநூல்களில் பெரும்பாலும் ஹைசன்பர்க்கின் பெயரே நிலைத்தது.

மினசோட்டாவில் எழுந்த கேள்வி

1930ஆம் ஆண்டு ஃபிரெங்கெல் வருகைப் பேராசிரியராக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் தனிப்பாடப் பணத்தில் கண்ட நாட்டுக்கு இம்முறை அழைப்பின்பேரில் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, சிறு பிள்ளையும் கேட்கக்கூடியது. திடப்பொருள் ஒன்றின்மேல் ஒளி விழுகிறது. அந்த ஒளி மறைகிறது. சற்று நேரத்தில் பொருள் சூடாகிறது. இடையில் என்ன நடந்தது?

ஒளி எலக்ட்ரானைப் பிய்த்தெறிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி விடுபட்ட எலக்ட்ரான் ஓடினால் மின்சாரம் பாய வேண்டும். பல படிகங்களில் ஒளி நன்றாகவே உறிஞ்சப்படுகிறது, மின்சாரமோ பாய்வதில்லை. அப்படியானால் அந்த ஆற்றல் எந்த வழியாகப் போனது?

ஃபிரெங்கெலின் விடையை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். விரிவுரை மண்டபத்தில் முதல் வரிசை மாணவர் ஒருவருக்குத் தேர்வு ஒத்திவைக்கப்பட்ட செய்தி கிடைக்கிறது. அவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்கிறார். அவர் அடுத்தவரிடம் சொல்கிறார். சிறிது நேரத்தில் செய்தி கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. இருக்கையை விட்டு யாரும் எழவில்லை. படிகத்திலும் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. ஓர் அணு ஒளியை வாங்கிக் கிளர்ச்சியடைந்தால், அந்தக் கிளர்ச்சி அந்த அணுவிலேயே தங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது அடுத்த அணுவுக்குத் தாவும். அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். ஆற்றல் பயணம் செய்கிறது; மின்னூட்டம் பயணம் செய்யவில்லை. கிளர்ந்த எலக்ட்ரான் தான் விட்டு வந்த துளையை விட்டு அகலாமல் அதனுடன் கட்டுண்டே இருக்கிறது. மின்சாரம் பாயாததன் காரணம் இதுதான். கடைசியில் அந்தக் கிளர்ச்சி படிகத்தின் அதிர்வுகளிடம் தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டு அடங்குகிறது. அதுவே நாம் உணரும் வெப்பம்.

திடப்பொருள்களில் ஒளி வெப்பமாக மாறுவதைப் பற்றிய இக்கட்டுரை, 1931இல் அமெரிக்காவின் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. எக்சிடான் என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. கிளர்ச்சி என்ற சொல்லின் ஐரோப்பிய வேரிலிருந்து அவரே அதை உருவாக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிரெங்கெல் நூறு பக்கக் கணக்கோடு தொடங்குபவர் அல்லர். முதலில் மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்வார். சிக்கலான ஒன்றைப் பற்றிய நல்ல கோட்பாடு கேலிச்சித்திரத்தைப் போன்றது என்பது அவர் கருத்து. கேலிச்சித்திரம் ஒருவரின் முகத்தில் முக்கியமான இரண்டு கோடுகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டும், மற்றதை விட்டுவிடும். இருந்தாலும் பார்த்தவுடன் ஆளைக் கண்டுகொள்கிறோம். அவர் உண்மையிலேயே ஓவியம் தீட்டத் தெரிந்தவர், வயலினும் வாசிப்பார்.

இந்த முறையில்தான் 1926இல், படிகத்தில் ஓர் அயனி தன் இருக்கையை விட்டு இடுக்கில் போய் அமர்ந்துகொள்ள, பின்னால் ஒரு வெற்றிடம் எஞ்சும் என்று அவர் சொன்னார். அதுவே ஃபிரெங்கெல் குறை. 1938இல் தம் மாணவி தத்யானா கொந்தரோவாவுடன் சேர்ந்து, உலோகம் வளையும்போது அணுக்களின் வரிசை எப்படி நழுவுகிறது என்பதற்கு ஓர் எளிய மாதிரியை அமைத்தார். உராய்வைப் பற்றிய ஆய்வுகளில் ஃபிரெங்கெல் கொந்தரோவா மாதிரி இன்றும் பயன்படுகிறது.

கடினமான ஆண்டுகள்

மினசோட்டாவிலிருந்து அவர் லெனின்கிராடுக்குத் திரும்பினார். அவர் திரும்பிய நாடு மாறிக்கொண்டிருந்தது. அறிவியலும் அரசின் தத்துவத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற குரல் வலுத்தது. அந்தத் தத்துவம் இயற்பியல் ஆய்வுக்கு வழிகாட்ட முடியாது என்று ஃபிரெங்கெல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்காகக் கண்டிக்கப்பட்டார். அவருடைய நிறுவனத்தில் பணிபுரிந்த இளம் கோட்பாட்டாளர் மத்வேய் பிரான்ஸ்டைன் 1937இல் கைதாகி, 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது பிரான்ஸ்டைனுக்கு வயது 31. அத்தகைய ஆண்டுகளில் ஒருவர் தம் கருத்தை மறைக்காமல் இருந்ததே சாதாரணச் செயல் அன்று.

போர் வந்தபோது, 1941இல், நிறுவனம் கசான் நகருக்கு மாற்றப்பட்டது. ஃபிரெங்கெலும் குடும்பத்துடன் அங்கே போனார். திரவங்களின் இயக்கக் கோட்பாடு பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் அந்தப் போர்க்காலத்தில் உருவானது. திரவத்தில் உள்ள மூலக்கூறு வாயுவில்போல் தாறுமாறாகப் பறப்பதில்லை; ஓரிடத்தில் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருந்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது என்பது அந்நூலின் மையக் கருத்து. இதற்காக 1947இல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்தாலும் நிம்மதி கிடைக்கவில்லை. 1949இல் இயற்பியலாளர் மாநாடு ஒன்றுக்கான ஆயத்தக் கூட்டங்களில் அவருடைய தத்துவ நிலைப்பாடு மீண்டும் கடுமையாகத் தாக்கப்பட்டது. அந்த மாநாடு கடைசியில் நடைபெறவே இல்லை. அவர் 1929லேயே சோவியத் அறிவியல் கழகத்தின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்தும் முழு உறுப்பினராக ஆகவில்லை. அவற்றுக்கிடையிலும் லெனின்கிராட் பலதொழில்நுட்பக் கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் துறையை நடத்தினார். சோவியத் நாட்டின் முதல் கோட்பாட்டு இயற்பியல் பாடநூல் வரிசை அவர் எழுதியதே.

1952

எக்சிடான் இருபது ஆண்டுகளாகக் காகிதத்தில் மட்டுமே இருந்தது. 1937இல் வானியே, 1938இல் மாட் ஆகியோர் அதன் இன்னொரு வகையைக் கோட்பாட்டில் வகுத்தார்கள். ஃபிரெங்கெல் சொன்ன எக்சிடான், மூலக்கூறுப் படிகங்களில் ஒரு மூலக்கூறின் அளவிலேயே அடங்கி நிற்பது. வானியே, மாட் சொன்னது குறைகடத்திகளுக்கு உரியது. அதில் எலக்ட்ரானும் துளையும் பல அணுக்கள் தள்ளி நின்று, ஹைட்ரஜன் அணுவைப்போல் ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. உருவம் வேறு, அடிப்படைக் கருத்து ஒன்றே.

கோட்பாடு சரியென்றால், இந்த இணை ஹைட்ரஜனைப் போலவே வரிசையான நிறமாலைக் கோடுகளைக் காட்ட வேண்டும். அந்தக் கோடுகளைக் கண்டவர் எவ்கேனி கிராஸ். அவர் பணியாற்றியது ஃபிரெங்கெலின் அதே நகரத்தில், அதே நிறுவனத்தில். குப்ரஸ் ஆக்சைடு என்ற சிவப்புத் தாமிரக் கனிமத்தைக் கடுங்குளிரில் வைத்து, அதன் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, ஒழுங்காக நெருங்கிச் செல்லும் கோடுகளின் வரிசை தெரிந்தது. கிராஸும் கர்ரியெவும் எழுதிய கட்டுரை 1952இல் அச்சில் வந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், லெனின்கிராடில், ஃபிரெங்கெல் காலமானார். இன்னும் சில நாள்கள் இருந்திருந்தால் அவருக்கு 58 வயது நிறைந்திருக்கும்.

நான்கில் ஒன்று

ஃபிரெங்கெலின் இரண்டு நூல்களும் ஒன்றாகப் பின்னப்பட்டது அவருக்குப் பிறகுதான். அதைப் புரிந்துகொள்ள நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

எலக்ட்ரானின் தற்சுழற்சி மேல்நோக்கி இருக்கலாம், கீழ்நோக்கி இருக்கலாம். துளைக்கும் அதே இரண்டு வாய்ப்புகள். ஆகவே இணையாகச் சேரும்போது மொத்தம் நான்கு நிலைகள். குவாண்டம் விதிப்படி இந்த நான்கும் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. மூன்று நிலைகளில் மொத்தத் தற்சுழற்சி ஒன்று. இதை மும்மை நிலை என்பர். எஞ்சிய ஒன்றில் மொத்தத் தற்சுழற்சி சுழியம். அது ஒற்றை நிலை. இவ்விரண்டு குடும்பங்களின் ஆற்றலை வேறுபடுத்துவது, இரும்பின் காந்தத்தை விளக்க 1928இல் ஃபிரெங்கெல் பயன்படுத்திய அதே பரிமாற்ற விளைவுதான்.

சாதாரண மூலக்கூறில் எல்லா எலக்ட்ரான்களும் இணைசேர்ந்து இருப்பதால் மொத்தத் தற்சுழற்சி சுழியம். ஒளி தற்சுழற்சியைத் திருப்பிவிடுவதில்லை. ஆகவே ஒற்றை நிலை எக்சிடான் ஒளியைத் தந்துவிட்டு எளிதில் பழைய நிலைக்குத் திரும்பலாம். மும்மை நிலைக்கு அந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது. ஆந்த்ரசீன் படிகத்தில் ஒற்றை நிலை எக்சிடான் சில நானோ நொடிகளில் முடிந்துவிடுகிறது. மும்மை நிலை எக்சிடானோ பல மில்லி நொடிகள் வாழ்கிறது. அதாவது, பத்து லட்சம் மடங்கு அளவுக்கு அதிக ஆயுள்.

1987இல் சிங் டாங், வான் ஸ்லைக் ஆகிய இருவரும் குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிரும் கரிம விளக்கைச் செய்து காட்டினார்கள். அதில் எலக்ட்ரானும் துளையும் தனித்தனியே செலுத்தப்பட்டு, எந்தத் தற்சுழற்சியும் பாராமல் சந்திக்கின்றன. நான்கு நிலைகளும் சம வாய்ப்பில் உருவாகின்றன. ஆகவே நூறு எக்சிடான்களில் ஏறத்தாழ 25 மட்டுமே ஒளிரும். மீதி 75 வீணாக வெப்பமாகும். செலுத்தும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு இருட்டுக்குப் போனது.

இந்தப் பூட்டை 1998இல் ஃபாரஸ்ட், தாம்சன் ஆகியோரின் குழு திறந்தது. பிளாட்டினம் அணுவைக் கொண்ட மூலக்கூறுகளை அவர்கள் படலத்தில் கலந்தார்கள். அடுத்து இரிடியம் வந்தது. இத்தகைய கனமான அணுக்களின் கருவில் மின்னூட்டம் மிக அதிகம். அதனால் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அதன் சுற்றுப்பாதையும் வலுவாகப் பிணைந்துவிடுகின்றன. அந்தப் பிணைப்பு ஒற்றை நிலையையும் மும்மை நிலையையும் கலக்கிறது. மூடிய கதவு திறக்கிறது. இருண்ட எக்சிடானும் ஒளிர்கிறது. 1926இல் இருமடங்குச் சிக்கலாக ஃபிரெங்கெல் கையிலெடுத்தாரே, அதே தற்சுழற்சிச் சுற்றுப்பாதைப் பிணைப்புதான் இது. ஹாம்பர்க்கில் அவர் எழுதிய இயற்பியல், மினசோட்டாவில் அவர் எழுதிய துகளை இருட்டிலிருந்து மீட்டது. நம் கைப்பேசித் திரையின் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் இப்படித்தான் ஒளிர்கின்றன.

குறைகடத்திகளிலும் இதே கதைக்கு வேறு வடிவம் உண்டு. கேலியம் ஆர்சனைடு போன்றவற்றில் துளையின் கோண உந்தம், சுற்றுப்பாதையின் பங்கும் சேர்ந்து, மூன்றின் கீழ் இரண்டு என்று ஆகிறது. எலக்ட்ரானின் அரையோடு அது கூடினால் இரண்டு, கழிந்தால் ஒன்று. ஓர் ஒளித்துகள் சுமந்து செல்வது ஒன்று மட்டுமே. ஆகவே ஒன்று என்ற நிலை ஒளிரும். இரண்டு என்ற நிலை இருண்டிருக்கும். கேட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளில் ஆற்றலில் மிகத் தாழ்ந்த எக்சிடான் இத்தகைய இருண்ட நிலையே. அந்தக் குவாண்டம் புள்ளிகளின் வரலாறும் லெனின்கிராடைத் தொடுகிறது. 1981இல் அங்கே, கண்ணாடிக்குள் வளர்ந்த நுண்ணிய செம்புக் குளோரைடு படிகங்களில், படிகம் சிறுத்தால் எக்சிடானின் ஆற்றல் மாறுகிறது என்று எகிமோவ் கண்டார். 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமா? வளாகத்து மரங்களைப் பாருங்கள். இலையில் விழும் சூரிய ஒளி, பச்சைய மூலக்கூறுகளிடையே ஃபிரெங்கெல் வகை எக்சிடானாகப் பயணம் செய்துதான் ஒளிச்சேர்க்கை நடைபெறும் மையத்தை அடைகிறது. அங்கும் மும்மை நிலை தொல்லை தரும். அது ஆக்சிஜனைத் தீங்கு விளைவிக்கும் வடிவத்துக்குத் தூண்டிவிடும். இலையில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் அந்த மும்மை நிலையை உள்வாங்கித் தணித்து, இலையைக் காக்கின்றன. விளக்கு செய்பவர்கள் மும்மை நிலையை ஒளிரவைக்கப் பாடுபட்டார்கள். இலையோ அதை அடக்கிவைக்க நெடுங்காலமாகக் கற்றிருக்கிறது.

அவர் விட்டுச் சென்றது

ஃபிரெங்கெலின் இரண்டு மகன்களில் ஒருவரான விக்டர், இயற்பியல் வரலாற்றாய்வாளராகித் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். உலகம் இந்த மனிதரை ஓரளவு அறிந்துகொண்டது அந்நூலால்தான். 2014இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர ஆய்வாளர்கள், கிராஸ் பயன்படுத்திய அதே குப்ரஸ் ஆக்சைடில், 25ஆம் படிநிலை வரை எக்சிடானைக் கண்டார்கள். அந்த எக்சிடானின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர். ஒரு பாக்டீரியாவின் அளவுக்கு வளர்ந்துவிட்ட துகள் அது.

ஆய்வேட்டைத் தொடங்கும் நம் மாணவர்கள் பலருக்கு ஒரு கவலை உண்டு. இதனால் என்ன பயன், எப்போது பயன் என்று வீட்டிலும் கேட்பார்கள், நேர்காணலிலும் கேட்பார்கள். 1931இல் ஃபிரெங்கெலிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவர் கைப்பேசியைக் காட்டியிருக்க முடியாது. ஒளி போன வழி தெரியவில்லையே என்பது மட்டுமே அவரிடம் இருந்த காரணம். அந்தக் காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இன்றிரவு கைப்பேசியை அணைக்கும்போது அந்தத் திரையை ஒரு கணம் பாருங்கள். இருளோடு போயிருக்க வேண்டிய நான்கில் மூன்று பங்கு எக்சிடான்களில் சில, அங்கே பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்து மறைந்துகொண்டிருக்கும்.